கழித்துக்கட்டிய குளோன்

எந்த ஆன்டிபாடியை (உடலில் ஒரு குறிப்பிட்ட இலக்கைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) மருந்தாக வளர்ப்பது என்று முடிவுசெய்யும் லீட் தேர்வு மீட்டிங்கில் பெரும்பாலும் சண்டை வராது. எக்செல் தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டங்களுக்கு முன்கூட்டியே வண்ணம் பூசியாகிவிடும். சிவப்பு விழுந்த குளோன், அதாவது போட்டியில் இருக்கும் ஆன்டிபாடி, போகும், மற்றது நிற்கும். அன்றும் அப்படித்தான் முடிந்திருக்க வேண்டியது. புதிதாகச் சேர்ந்த பையன் நடுவில் ஒரு கேள்வி கேட்டான்.

கடைசிச் சுற்றில் இரண்டு குளோன்கள். முதலாவது இலக்கைப் பிடித்தால் விடாது; பிணைப்பில் மற்றதெல்லாம் அதன் பக்கத்திலேயே வரவில்லை. ஆனால் அதன் ஹெவி செயினில் (ஆன்டிபாடியின் இரண்டு வகைப் புரதச் சங்கிலிகளில் பெரியது; சின்னது லைட் செயின்), இலக்கைத் தொடுகிற இரண்டாவது வளையத்தில், அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டி கிளைசின் என்ற இன்னொன்று. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த ஜோடியைக் கண்டாலே முகம் மாறும். அஸ்பராஜின் தன் அமைடைத் தொலைத்துவிட்டு ஆஸ்பார்டேட்டாகவோ ஐசோ ஆஸ்பார்டேட்டாகவோ மாறிக்கொள்ளும். டீஅமிடேஷன் என்பது இதுதான். கிளைசினுக்குப் பக்கச் சங்கிலி கிடையாது, அதனால் இந்த மாற்றத்தைத் தடுக்கவும் ஆளில்லை. 40 டிகிரியில் வைத்த சாம்பிளில், குரோமட்டோகிராமின் (கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் வரைபடம்) மெயின் பீக்குக்கு முன்னால் ஒரு ஷோல்டர், மாறிப்போன வடிவத்தின் சின்ன மேடு, எழும்பி வாராவாரம் பெருத்துக்கொண்டே போனது. அஸ்பராஜினைக் குளுட்டமினாக மாற்றிப் பார்த்தோம். ஷோல்டர் போனது, கூடவே பிணைப்பும் போனது. கிளைசினை அலனினாக்கியபோது இரண்டிலும் அரைகுறை.

போதாக்குறைக்கு, நோயாளி வீட்டிலேயே தொடையில் போட்டுக்கொள்ளும் ஊசியாக இது வரவேண்டும். சின்ன ஊசியில் முழு டோஸும் அடங்க, ஒரு மில்லிலிட்டரில் 150 மில்லிகிராம் அளவுக்குக் கரைசலைச் செறிவாக்க வேண்டும். அந்தச் செறிவில் முதல் குளோன் பிப்பெட் நுனியில் பாகு மாதிரி ஏறியது. இரண்டாவது, பிணைப்பில் சுமார்தான், ஆனால் சமர்த்து. செறிவாக்கினாலும் தண்ணீராக ஓடியது.

முதலாவதைக் கழித்துவிடலாம் என்றேன். அப்போதுதான் அந்தப் பையன், "மேடம், இந்த லிஸ்ட்படி பார்த்தா ட்ராஸ்டுசுமாப்பையும் கழிச்சிருப்போமே?" என்றான்.

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

சொன்னதும் சரிதான். ஹெர்2 மார்பகப் புற்றுநோய்க்கு 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. அதன் ஹெவி செயினின் இரண்டாவது வளையத்தில், 55-ஆம் இடத்தில், இதே அஸ்பராஜின், இதே கிளைசின். லைட் செயினில் 30-ஆம் இடத்து அஸ்பராஜினும் மாறும். ஹெவி செயினில் 102-ஆம் இடத்து ஆஸ்பார்டேட் ஐசோ வடிவத்துக்குப் போனால் மருந்தின் வீரியமே கணிசமாக விழுந்துவிடும். எங்கள் தாளில் போட்டால் மூன்று சிவப்பு. ஒன்றுக்கே நாங்கள் கையை உதறிவிடுகிற ஆட்கள்.

"அது அந்தக் காலம்ப்பா. அப்ப வேற மருந்து இல்ல. நமக்கு மாத்து குளோன் இருக்கே" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். மீட்டிங் முடிந்தது.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மாற்று கையில் இருக்கும்போது வம்பை எதற்கு வாங்க வேண்டும்? ட்ராஸ்டுசுமாப்பைப் பொடியாக உலர்த்தித்தான் குப்பியில் அடைத்தார்கள், கலந்து டிரிப்பில் ஏற்றினார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. இதைக் கேன்டீனில் அவனிடம் சொன்னேன். "அக்கா, அதுக்குத் தோலடி ஊசியும் வந்துடுச்சே, அது திரவமாத்தானே வருது" என்றான். (மீட்டிங்கில் மேடம், கேன்டீனில் அக்கா. திருநெல்வேலிக்காரன்.) அதுவும் சரி, ஐரோப்பாவில் 2013-லேயே வந்துவிட்டது. பொடியோ திரவமோ, அது குப்பிக்குள் இருக்கிற வரைக்கும்தான். ரத்தத்தில் 37 டிகிரியில் வாரக்கணக்காகச் சுற்றும்போது அந்த அஸ்பராஜினை எந்த ஃபார்முலேஷன் காப்பாற்றும்? ஆனாலும் மருந்து வேலை செய்கிறது.

அப்படியானால் எங்கள் லிஸ்ட் எதை அளக்கிறது? 2017-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. மருத்துவச் சோதனை வரை போன 137 ஆன்டிபாடிகளை 12 விதமான பௌதிகச் சோதனைகளில் போட்டுப் பார்த்தார்கள். அனுமதி பெற்றவற்றில் கடைசிப் பத்து சதவீதம் எங்கே நிற்கிறதோ, அதையே எச்சரிக்கைக் கோடாக வைத்தார்கள். நியாயமான வழிதான், எங்கள் வரம்புகளில் சிலவும் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் கணக்கில் வந்ததெல்லாம் ஏற்கெனவே ஏதோ ஒரு மீட்டிங்கில் பிழைத்தவை. கழிக்கப்பட்டவை என்ன ஆகியிருக்கும் என்பதற்கு யாரிடமும் டேட்டா இல்லை. எங்கள் முதல் குளோனுக்கும் இனி இருக்கப்போவதில்லை.

உடனே மறுபக்கம் தோன்றும். பொகோசிசுமாப் ஞாபகம் வரும். கொலஸ்ட்ராலுக்கானது. பல்லாயிரம் நோயாளிகளை வைத்துக் கடைசிக் கட்டச் சோதனை வரை போய், 2016 நவம்பரில் ஃபைசர் அதைக் கைவிட்டது. நோயாளிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அந்த மருந்துக்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாகி, பலன் போகப் போகக் குறைந்தது. அதே இலக்குக்கு முழு மனித அமினோ அமில வரிசையில் அமைந்த இரண்டு மருந்துகள் முந்தின வருஷமே சந்தைக்கு வந்துவிட்டன. இப்படி ஒன்றைப் பார்த்தவர்கள், ஆரம்பத்திலேயே கழிப்பவனைக் கோழை என்று சொல்ல மாட்டார்கள். என்ன, அங்கே பிரச்சினை டீஅமிடேஷன் இல்லை. எலியிலிருந்து வந்த மிச்ச வரிசையைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்குச் சாதகமான உதாரணமாக இருந்தாலும் என் கேஸுக்கு அது முழுசாகப் பொருந்தவில்லை.

இதைவிட உறுத்துவது எங்கள் கட்டிடத்திலேயே இருக்கிறது. கீழ்த்தளத்தில் பயோசிமிலர் குழு, ஏற்கெனவே சந்தையில் இருக்கும் மருந்துக்கு நகல் செய்பவர்கள். அவர்கள் அசல் மருந்தின் வரிசையில் ஓர் எழுத்தைக்கூடத் தொட முடியாது. கெட்ட இடம் என்று தெரிந்தே அதை அப்படியே நகலெடுத்து, அந்த ஷோல்டர் அசலோடு பொருந்துகிறதா என்று அளந்து, பொருந்தினால் நிம்மதியாகிறார்கள். மேல்தளத்தில் அதே ஷோல்டருக்காகத்தான் நாங்கள் குளோனைத் தூக்கி எறிகிறோம். இரண்டு வேலையும் அததன் இடத்தில் சரி என்று எனக்குத் தெரியும். யாராவது கேட்டால் விளக்கியும் விடுவேன்.

அதற்கப்புறம் தாளில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஓர் ஆரஞ்சு சேர்த்தேன். ஆரஞ்சு விழுந்தால் கழிக்கக் கூடாது, உட்கார்ந்து பேச வேண்டும். நல்ல மாற்றம் என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது யாரும் சிவப்பே போடுவதில்லை. எல்லாம் ஆரஞ்சு, மீட்டிங் இரண்டு மணி நேரம் இழுக்கிறது, கடைசியில் பழையபடி சமர்த்தான குளோன்தான் ஜெயிக்கிறது. ஆரஞ்சை எடுத்துவிடலாம் என்று போன மாதம் சொன்னது அந்தத் திருநெல்வேலிப் பையன்தான். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். "அடுத்த மீட்டிங்ல பேசலாம்" என்றேன்.