5 வெள்ளி முள்ளு

நேற்று ராத்திரி செந்தூல் ஃபிளாட்டில் எங்கள் வீட்டு வாசலில் பதினொரு பேர். எழவு வீடோ என்று கீழ்மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தொட்டியில் இருந்த முள்ளுக் கள்ளி பூத்திருந்தது, அவ்வளவுதான்.

கேமரன் மலை பிரிஞ்சாங்கில் 5 வெள்ளிக்கு வாங்கி, தாப்பா போய்ச் சேருவதற்குள் ஒவ்வொரு வளைவிலும் அம்மாவைக் குத்திய முள்ளு. வாங்கும்போதே உச்சியில் மஞ்சள் பூ. "வாடவே வாடாது" என்றார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை பாவம். காய்ந்த பூவைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். எட்டு மாதம் வாடாமல் இருந்து, தீபாவளிக்கு ஒட்டடை அடித்தபோது பசையோடு கழன்று விழுந்தது.

பிறகு பூக்கிற எண்ணத்தையே விட்டுவிட்டுக் குட்டி போட ஆரம்பித்தது. அடியைச் சுற்றி ஒன்று, இரண்டு, ஒன்பது. "முள்ளே வீட்டுக்கு ஆகாது, இது குடும்பம் வேற நடத்துது" என்றார் அம்மா. வாஷிங் மெஷின் கெட்டதற்கும் என் மச்சான் கார் இடித்ததற்கும் அதுதான் காரணம். கடைசியில் காரிடார் கோடிக்கு நாடு கடத்தினார். நல்ல வெயில், மழைச்சாரல் எட்டாத மூலை. தண்ணீர் ஊற்றக்கூடாது என்று பாப்பாவுக்கும் கண்டிப்பான உத்தரவு. மூன்று மாதம்.

போன வாரம் அதன் இடுப்பிலிருந்து மயிரோடு ஏதோ நீண்டது. எலி வால் என்றாள் மனைவி. நேற்றுப் பொழுது சாய்ந்ததும் அந்த வால் நுனி விரிந்து, ஒரு சாண் குழாய் மேல் வெளிர் ரோஸ் புனல். காரிடார் முழுக்க வாசனை.

அம்மா உடனே பிரம்ம கமலம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சீன ஆன்ட்டி தாம் ஃபா என்றார். எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக் பக்காவாலி என்றார். மூவரும் சொன்னது ஒரே செடி. மூவர் சொன்னதும் தப்பு. அதுவும் கள்ளி வகைதான், ஆனால் தட்டைத் தண்டு, குத்தாது. எங்களுடையது எக்கினாப்சிஸ் என்ற கள்ளி இனம். அதில் குட்டை முள்ளும் வெள்ளைப் பூவும் என்றால் எய்ரீசி, ரோஸ் என்றால் ஆக்ஸிகோனா, இரண்டையும் கலந்து விற்பவர்களும் உண்டு. எந்த வகை என்று பார்க்க நான் டார்ச் அடித்துத் தண்டின் வரிகளை எண்ணினேன்: 14. மேல்மாடி அங்கிள் பக்கத்தில் குனிந்து அதையே எண்ணினார், நாலு நம்பர் லாட்டரிக்கு. அவருக்கு 13 வந்தது. குட்டி ஒன்பது, பூ ஒன்று, ஆக 1391. எனக்குத் தெரிந்த தாவரவியல் அத்தனையும் சனிக்கிழமை குலுக்கலுக்குப் போய்விட்டது.

கொஞ்சநாள் காயப்போட்டால் இந்த ஜாதி நன்றாகப் பூக்கும், நம் ஊரில் குளிர் இல்லாததால் அந்தப் பட்டினிதான் வேலை செய்திருக்க வேண்டும் என்று அம்மாவிடம் விளக்கினேன். கொல்லப் பார்த்தீர்கள், பூத்துவிட்டது என்றேன். அம்மா பதில் பேசவில்லை.

காலை பத்து மணிக்குப் பூ நனைந்த டிஷ்யூ மாதிரி தொங்கியது. கிள்ளானிலிருந்து அத்தை கிளம்பியே விட்டார், பார்க்க.

வேலைக்குப் புறப்படும்போது பார்த்தேன், தொட்டி பழைய இடத்துக்கே வந்திருந்தது. அம்மா அரிசி கழுவின தண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டிருந்தார். "அழுகிப்போயிடும்மா!"

"போடா. பச்சை உடம்புக்காரியை மூணு மாசம் பட்டினி போட்டுட்டேன்" என்று அடுத்த செம்பை மொண்டார்.