முட்டி ஆபரேஷனும் இனிப்பு நீரும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) என் வயதுப் பெண்கள் பலருக்கு முட்டி வலியும் இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) சேர்ந்தே இருக்கின்றன. விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குப் போய், மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி, பால் வாளி சுமந்த கால்கள் அல்லவா. நான் வலது முட்டியை மாற்றிக்கொண்டு இப்போது தடியில்லாமல் நடக்கிறேன். விசாரிக்க வருபவர்கள் ஆபரேஷனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், ஆபரேஷன் பெரிதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு வலியையும் சர்க்கரையையும் ஒன்றாக அடக்கிய வாரங்கள்தான் பெரிது.

தேதி கொடுக்கும் முன்பே டாக்டர் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். 9 சதவீதத்துக்கு மேல் இருந்தது. 8-க்குக் கீழே கொண்டுவாருங்கள், பிறகு பேசலாம் என்றார். சர்க்கரை ஏறிக் கிடந்தால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறையும், தையல் ஆற நாளாகும். செயற்கை மூட்டில் கிருமி பிடித்துவிட்டால் அதைக் கழற்றி எடுக்கும் நிலைகூட வரலாம். இதைக் கேட்ட அன்றே டின் பால் தேத்தண்ணியை விட்டேன். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் பழகிப்போனது. சோற்றைப் பாதியாக்கினேன், கிளினிக்கில் மருந்தையும் மாற்றினார்கள். அடுத்த பரிசோதனையில் 7.6 வந்தது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் வார்டில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தபோது 14 (இங்கே மில்லிமோல் கணக்கு). கொஞ்சம் கஞ்சிதான் குடித்திருந்தேன், எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மிசி (நர்ஸ்) பொறுமையாக விளக்கினார். உடம்பு அடிபட்டால் கார்டிசோல், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் சுரக்கும். அவை ஈரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டவைக்கும், இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடாது. வாந்தி வராமலிருக்க மயக்க மருந்தோடு போட்ட ஸ்டீராய்டு ஊசியும் ஓரிரு நாள் ஏற்றிவிடுமாம். இன்சுலின் போட்டுக் குறைத்தார்கள். அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம்: "ஆன்ட்டி, வலி இருந்தாலும் சுகர் ஏறும். வலித்தால் சொல்லுங்கள்."

வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கத்தில் வேறு பேச்சு. "பொறுத்துக்கோ, மாத்திரை தின்னா கிட்னி போயிடும்." தோட்டத்தில் வலியைப் பொறுக்கும் பெண்ணுக்குத்தான் நல்ல பெயர், அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. நான் மருந்து கொடுக்கும் இடத்திலேயே கேட்டுவிட்டேன். பாரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டிரண்டாக, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. இந்த அளவில் கிட்னிக்குப் பயப்பட வேண்டாம் என்றார்கள். கிட்னியைக் கெடுக்கக்கூடியது டைக்லோஃபினாக் வகை வலி மாத்திரை. அதை எனக்குத் தரவில்லை. இரவுக்கு மட்டும் டிராமடோல் என்ற இன்னும் வலுவான வலி மருந்து.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் சர்க்கரை, எதிர்ப் பக்கம் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மருமகள் எழுதிவந்தாள். வலியில் தூங்காமல் புரண்ட இரவுக்கு மறுநாள் காலை 10, 11. மாத்திரை நேரத்துக்குப் போட்டு அசந்து தூங்கிய இரவுக்கு மறுநாள் 7-க்குப் பக்கம். இரண்டு நாளும் ஒரே சாப்பாடு, ஒரே சர்க்கரை மருந்து. அதைப் பார்த்த பிறகு யார் சொன்னாலும் வலி மாத்திரையைத் தள்ளிப்போடவில்லை.

டிராமடோல் பற்றிக் கொஞ்சம் கவனம் வேண்டும். தலை சுற்றும், குமட்டும், மலச்சிக்கல் வரும். குமட்டலில் சாப்பாடு குறையும், சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைட் மாத்திரை அதே அளவில் உள்ளே போகும். டிராமடோலே சிலருக்குச் சர்க்கரையை இறக்கும். ஒரு மத்தியானம் எனக்கு வியர்த்துக் கை நடுங்கியது, பார்த்தால் 3.6. மருமகள் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, 4-க்கு மேல் வந்ததும் பிஸ்கட். டாக்டரிடம் சொன்னோம், கிளிக்லசைட்டைக் குறைத்தார்.

பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்வேன். குதிகாலைப் படுக்கையில் இழுத்து முட்டியை மடக்குவது, தொடையை இறுக்கிப் பிடிப்பது, அப்புறம் வாக்கரோடு வாசல்வரை. சுகமாக இருக்கிறதென்று முட்டிக்கடியில் தலையணை வைக்கக் கூடாது, கால் மடங்கியே இறுகிவிடும், குதிகாலுக்கடியில் வைக்கலாம். ஐஸைத் துண்டில் சுற்றி 15, 20 நிமிடம் வைப்போம். இனிப்பு நீரால் நமக்கு உணர்ச்சி மங்கியிருக்கலாம், தோலைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். வீட்டில் இன்னும் குந்தும் கக்கூஸ் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே கமோட் நாற்காலிக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

பார்க்க வருபவர்கள் அன்போடு மைலோ, ஹண்ட்ரட் பிளஸ் என்று இனிப்புப் பானங்கள் கொண்டுவருவார்கள். வாங்கி வைத்துக்கொண்டேன், குடிக்கவில்லை. காயம் ஆறப் புரதம் வேண்டும்; முட்டையும் பருப்பும் தினமும் இருந்தது, பாசாரில் (சந்தையில்) கிடைத்தபோது விரால் மீன் சூப்.

தையலிலிருந்து நீர் கசிந்தாலோ, சிவந்து சூடேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்ட வேண்டும் என்று அனுப்பும்போதே சொல்லியிருந்தார்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ரத்தக் கட்டியாக இருக்கலாம். நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.