தளர்வு வந்த பிறகும் பாஸ் வேண்டுமா? குமரி எல்லையில் இரண்டு வருடம் பட்ட பாடு

"பஸ் ஓடுதாம், அப்ப பாஸ் வேண்டாம்லா?"

கொரோனா ஊரடங்கில் வெளியூர் போக அரசிடம் ஆன்லைனில் வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டுதான் இ-பாஸ். 2020 ஜூன் தொடங்கி 2021 டிசம்பர் வரை, அதற்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்த எங்களிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். எல்லாம் பூட்டிக் கிடந்த 2020 ஏப்ரலில் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரவில்லை. வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான். ஊரடங்குத் தளர்வு என்ற சொல் வந்த பிறகுதான் ஜனங்களுக்கு உண்மையான பயம் தொடங்கியது. போனால் போலீஸ் பிடிக்குமா, போகாவிட்டால் காரியம் கெடுமா, போய்விட்டு வந்தால் வீட்டில் இருக்கும் வயதானவருக்கு நோய் கொண்டுவந்து விடுவோமா என்று மூன்று பயமும் சேர்ந்து வந்தன. அந்தப் பயத்தில் தவறு ஒன்றும் இல்லை. தளர்வு என்றால் நோய் போய்விட்டது என்று பொருள் இல்லை. தொற்று எண்ணிக்கையையும் ஆஸ்பத்திரிப் படுக்கைகளையும் ஜனங்களின் பிழைப்பையும் பார்த்து எடுத்த முடிவு அது.

குழப்பத்துக்கு முதல் காரணம், தளர்வில் மூன்று வேறு விஷயங்கள் இருந்தன என்பது. நீங்கள் ஓர் இடத்துக்குப் போக அனுமதி தேவையா என்பது ஒன்று. போவதற்கு வண்டி ஓடுகிறதா என்பது இன்னொன்று. போய்ச் சேரும் இடம் திறந்திருக்கிறதா என்பது மூன்றாவது. இவை ஒரே நாளில் திறக்கவில்லை. 2020 செப்டம்பர் 1 அன்று தமிழ்நாட்டுக்குள் இ-பாஸ் முறை ரத்தானது. ஆனால் அன்றைக்குப் பேருந்து ஓடியது மாவட்டத்துக்குள் மட்டும்தான். மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்தும் ரயிலும் செப்டம்பர் 7 முதல்தான். இடைப்பட்ட ஆறு நாளும் நாகர்கோவில்காரர் திருநெல்வேலிக்குச் சொந்தக் காரில் பாஸ் இல்லாமல் போகலாம், பஸ்ஸில் போக முடியாது. "பாஸ் வேண்டாம்னு சொன்னாங்களே" என்று வடசேரி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றவர்கள் சொன்னதும் சரி, பஸ் இல்லை என்று சொன்னவர்கள் சொன்னதும் சரி.

திறந்தது மறுபடி மூடியபோதுதான் ஆட்கள் அதிகம் மாட்டினார்கள். 2020 ஜூன் 1 முதல் தமிழ்நாட்டை எட்டு மண்டலமாகப் பிரித்தார்கள். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி நான்கும் ஆறாவது மண்டலம். மண்டலத்துக்குள் பாஸ் இல்லாமல் போகலாம், பேருந்தும் ஓடியது. ஆனால் மதுரை ஐந்தாவது மண்டலம், அங்கே போக பாஸ் வேண்டும். மூன்று வாரம் ஜனங்கள் இதற்குப் பழகினார்கள். ஜூன் 25 முதல் மண்டல முறை நிறுத்தப்பட்டு, மாவட்டம் தாண்டினாலே பாஸ் என்றாகிவிட்டது. ஜூலை 1 முதல் மாவட்டத்துக்குள்ளும் பேருந்து நின்றது. ஜூன் பத்தாம் தேதி பாஸ் இல்லாமல் மாவட்ட எல்லையான ஆரல்வாய்மொழி தாண்டிப் போனவர், அதே நினைப்பில் ஜூலையில் கிளம்பினால் சோதனைச் சாவடியில் திரும்ப வேண்டியதுதான். அதோடு ஜூலை, ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் தளர்வு எதுவும் இல்லாத முழு ஊரடங்கு. மாத ஆணையில் "கடைகள் திறக்கலாம்" என்று படித்துவிட்டு ஞாயிறு காலையில் கடைக்குப் போனவர்கள் ஏராளம்.

அதனால் ஆணையை எப்படிப் படிப்பது என்பதை வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தோம். முதலில் தேதி. எந்த நாள் முதல், எந்த நாள் வரை என்று இல்லாத வாட்ஸ்அப் செய்தியை ஒதுக்கிவிட வேண்டும். அடுத்து, முதலமைச்சரின் அறிக்கை வேறு, வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையின் அரசாணை வேறு. அறிக்கை டிவியில் உடனே வந்துவிடும். நிபந்தனைகள் முழுதாக இருப்பது அரசாணையில். மூன்றாவது, கட்டுப்பாட்டுப் பகுதி. தொற்று வந்ததால் உங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தால் மாநிலத்துக்கு வந்த தளர்வு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. இதைச் சென்னையிலிருந்து வரும் ஆணையில் தேடிப் பயனில்லை, பஞ்சாயத்து அலுவலகத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோதான் கேட்க வேண்டும்.

நான்காவதாக, தடைக்கும் அறிவுரைக்கும் உள்ள வித்தியாசம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களும், கர்ப்பிணிகளும், 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் அவசியத் தேவை தவிர வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஆணைகளில் இருந்தது. அது அறிவுரை. ஆனால் பென்ஷன் எடுக்க பேங்குக்குப் போனால் அபராதம் போடுவார்கள் என்று பயந்து மருந்து வாங்கவும் வெளியே வராமல் இருந்த பெரியவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொன்னது: முகக்கவசம் போடாவிட்டால் அபராதம் உண்டு, வயதுக்கு அபராதம் இல்லை. கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போங்கள், முடிந்தால் வீட்டில் வேறு ஒருவரை அனுப்புங்கள்.

இ-பாஸ் விண்ணப்பம் பார்க்க எளிதாகத்தான் இருந்தது. கைபேசி எண், அதற்கு வரும் ஓடிபி, பயணக் காரணம், பயணத் தேதி, வண்டி எண், உடன் வருபவர்கள், அடையாள அட்டை, காரணத்துக்கான ஆவணம். தள்ளுபடி ஆனதில் பெரும்பாலானவை சின்னத் தவறுகளால் ஆனவை. காரணம் "திருமணம்" என்று கொடுத்துவிட்டு பத்திரிகையைப் பதிவேற்றாமல் விடுவது, அல்லது பத்திரிகையின் முகப்பை மட்டும் படம் பிடித்து தேதியும் இடமும் உள்ள உள்பக்கத்தை விடுவது. ஆதாரின் பின்பக்கத்தை விடுவது. விலாசம் அங்கேதான் இருக்கிறது. ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்க, விண்ணப்பத்தில் முன்னால் போடுவது. வாடகைக் கார் என்றால் டிரைவர் பெயரைச் சேர்க்க மறப்பது. 2020 ஜூன் விதிப்படி டாக்ஸியில் டிரைவர் தவிர மூன்று பேர், ஆட்டோவில் டிரைவர் தவிர இரண்டு பேர். நாலு பேருக்குப் பாஸ் கிடைத்தாலும் ஒரே டாக்ஸியில் நாலு பேரும் போக முடியாது.

திரும்பி வரும் தேதியையும் கவனிக்க வேண்டியிருந்தது. துக்கத்துக்குப் போகிறவர் அன்றே திரும்பலாம் என்று ஒரே நாள் போடுவார். அடக்கம் மறுநாளுக்குத் தள்ளிப்போனால் திரும்பி வர பாஸ் இருக்காது. அடக்கம் எப்போது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்குவதே நல்லது. 2020 ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் கார்டு விவரமும் கைபேசி எண்ணும் கொடுத்தாலே உடனே பாஸ் என்று மாற்றினார்கள். அதன் பிறகு காத்திருப்பு குறைந்தது.

கேரள எல்லை இதையெல்லாம்விடக் கடினமாக இருந்தது. விளவங்கோடு, கிள்ளியூர் தாலுகா ஜனங்களுக்குத் திருவனந்தபுரம் வெளியூர் மாதிரியே கிடையாது. புற்றுநோய்க்கு ஆர்.சி.சி. ஆஸ்பத்திரி, இதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரி என்று தலைமுறையாகப் போய்வரும் இடம். அங்கே போக 2020 மே மாதம் இரண்டு அனுமதி வேண்டியிருந்தது: தமிழ்நாட்டிலிருந்து வெளியேற தமிழ்நாட்டுப் பாஸ், உள்ளே நுழைய கேரளத்தின் 'கோவிட் ஜாக்ரதா' தளத்துப் பாஸ். ஒன்று கிடைத்த மகிழ்ச்சியில் கிளம்பி, எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டி, கேரளச் சாவடி இருந்த இஞ்சிவிளையில் மற்றதைக் கேட்டபோது நின்றுபோனவர்கள் உண்டு. கேரளப் பாஸில் நாளும் எந்தச் சாவடி வழியாக நுழைவது என்பதும் குறிப்பிட்டிருந்தது. இஞ்சிவிளை என்று வாங்கிவிட்டு ஆரியங்காவு வழியாகப் போனால் செல்லாது. நோயாளி என்றால் ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் சீட்டு, பழைய சிகிச்சைக் கோப்பின் முதல் பக்கம், கூட வருபவரின் அடையாள அட்டை மூன்றையும் முன்கூட்டியே படம் பிடித்து வைத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் கேரளத் தேதியை உறுதிசெய்து, அதற்கேற்பத் தமிழ்நாட்டுப் பாஸைக் கேட்பதுதான் சரியான வரிசை. மாற்றிச் செய்தால் இரண்டு தேதியும் ஒத்துவராது. கேரளத் தளத்தில் தினமும் போய்வருவோருக்கு ஒரு வகை, சில நாள் மட்டும் போகிறவருக்கு இன்னொரு வகை என்று இருந்தது. வகை மாறினால் தனிமைப்படுத்தும் விதியும் மாறியது.

கடலுக்குப் போகிறவர்களின் குழப்பம் தனி. மீன்பிடித்தல் 2020 ஏப்ரல் 10 அன்றே ஊரடங்கிலிருந்து விலக்குப் பெற்றது. ஆனால் விசைப்படகுக்கு, மீன் பெருகுவதற்காக வருடாவருடம் வரும் மீன்பிடித் தடைக்காலம் என்று ஒன்று இருக்கிறது. நம் மாவட்டம் இரண்டு கரைக்கும் சேர்ந்தது. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கரைக் கணக்கு, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கரைக் கணக்கு. அந்த வருடம் மட்டும் தடைக்காலத்தை 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைத்தார்கள். கிழக்கில் ஏப்ரல் 15 முதல் மே 31 வரை, மேற்கில் ஜூன் 15 முதல் ஜூலை 31 வரை. அதனால் ஜூன் 1 அன்று சின்னமுட்டத்தில் படகு இறங்கலாம் என்று செய்தி வந்ததும், வழக்கமாக அன்றைக்குத் தடை தொடங்கும் குளச்சலில் எது உண்மை என்று கேட்டார்கள். சின்னமுட்டத்துச் செய்தி உண்மைதான், குளச்சலுக்கும் அந்த வருடம் தடை தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இதற்கும் ஊரடங்குத் தளர்வுக்கும் சம்பந்தமில்லை என்று புரிய வைக்கத்தான் அதிக நேரம் ஆனது.

2021-இல் 'இ-பதிவு' என்ற புதுச் சொல் வந்தது. இ-பாஸ் என்றால் அதிகாரி பார்த்து அனுமதி கொடுப்பது. இ-பதிவு நீங்களே விவரம் கொடுத்துப் பதிவு செய்துகொள்வது, ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் வழியில் கேட்டால் ஆவணத்தைக் காட்டியே ஆக வேண்டும். ஜூன் மாதம் மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்தபோது கன்னியாகுமரி இரண்டாம் வகை. மூன்றாம் வகையான சென்னையிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் ஜூன் 21-இல் பேருந்து ஓடியது. நமக்கு ஜூன் 28 முதல்தான், அதுவும் பாதி இருக்கைகளோடு. சென்னையிலிருந்து மகன் "இங்க பஸ் ஓடுது" என்று போனில் சொன்னதை நம்பி ஒரு வாரம் முன்னாலேயே கிளம்பத் தயாரானவர்கள் பலர். ஜூலை 5-இல்தான் எல்லா மாவட்டத்துக்கும் ஒரே விதி வந்தது. அப்போதும் வெளிமாநிலப் பேருந்து இல்லை.

2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் வருவோர் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். என்ற கொரோனா பரிசோதனையின் நெகட்டிவ் சான்று, அல்லது இரண்டு டோஸ் தடுப்பூசி போட்டு 14 நாள் கடந்த சான்று காட்ட வேண்டியிருந்தது. 72 மணி நேரத்தை ரிசல்ட் கைக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணாமல், மாதிரி எடுத்த நேரத்திலிருந்து எண்ணுங்கள் என்று சொல்வோம். தடுப்பூசிக் கணக்கில் அதைவிடப் பெரிய ஏமாற்றம். கோவிஷீல்டுக்கு இரண்டு டோஸ் இடைவெளி மே மாதமே 12 முதல் 16 வாரம் என்று கூட்டப்பட்டிருந்தது. ஜூன் 15-இல் முதல் ஊசி போட்டவருக்கு 84 நாள் கழித்து செப்டம்பர் 7-இல்தான் இரண்டாவது. அதற்குமேல் 14 நாள் சேர்த்தால் செப்டம்பர் 21. அதுவரை ஒவ்வொரு முறை திருவனந்தபுரத்திலிருந்து திரும்பும்போதும் பரிசோதனைதான் வழி. கீமோவுக்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய்வந்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு பாரம் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கேரளத்துக்குப் பேருந்து மறுபடி ஓடியது 2021 டிசம்பர் 1-இல். அதுவரை எல்லை வரை ஒரு பஸ், நடந்து தாண்டி அப்பால் வேறு பஸ். நோயாளியோடு போகிறவர்களிடம், களியக்காவிளையில் இறங்கி நடக்கும் அந்தத் தூரத்துக்கு ஒரு ஆட்டோவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், பாஸ், சீட்டு, சான்று எல்லாவற்றையும் போனில் மட்டும் நம்பாமல் காகிதத்திலும் இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவோம். காத்திருப்பில் சார்ஜ் தீர்ந்துபோன போனால் சாவடியில் நின்றவர்களும் உண்டு.