மூடி என்ன நிறம் என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்

ஒரேயொரு ரத்தப் பரிசோதனைக்காக நானும் அம்மாவும் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு மூன்று தரம் அலைந்தோம். அதில் இரண்டு தரம் வீண்.

அம்மாவுக்கு ஆறு வருடமாக முடக்கு வாதம். மாத்திரைகளுக்கு விரல்கள் மசியவில்லை, அதனால் மூட்டை வீங்கவைக்கும் டிஎன்எஃப் என்ற மூலக்கூறைத் தடுக்கும் ஊசியைத் தொடங்கலாம் என்றார் டொக்டர். ஊசிக்கு முன் வழக்கமாகச் செய்யும் பரிசோதனையில், ஈரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைடிஸ் பி பொசிட்டிவ். ஒருநாளும் செங்கண்மாரி வந்திராத மனுசி! ஊசி நின்றது. வைரஸ் எவ்வளவு என்று அளக்கும் டிஎன்ஏ பரிசோதனைக்குத் துண்டு எழுதித் தந்தார்கள்.

இங்கேதான் கூத்து தொடங்கியது. ஆய்வுகூடக் கவுண்டரில் இருந்த தங்கச்சி துண்டைச் சரியாகப் பார்க்காமலே "ஹெபடைடிஸ் பி தானே" என்று கொம்பியூட்டரில் தட்டிவிட்டார். நானும் பில்லை வாசிக்கவில்லை, காசு இவ்வளவு குறைவா என்று சந்தோஷப்பட்டதுதான் மிச்சம். நாலு நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் இருந்தது "பொசிட்டிவ்" என்ற ஒரு சொல். அதுதான் ஏற்கெனவே தெரியுமே! கிளினிக்கில் காலை ஆறரைக்கு நம்பர் எடுத்துப் பதினொரு மணிவரை குந்தியிருந்த பிறகுதான் அது வேறு பரிசோதனை என்றே தெரிந்தது.

இரண்டாம் தரம் பெயரைச் சரியாகச் சொல்லி, கூடக் காசு கட்டி, ரத்தம் கொடுத்தோம். பஞ்சை அழுத்திப் பிடிக்க அம்மாவின் விரல் மடங்காது, நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். மாதிரி கொழும்புக்குப் போய், தப்பான ரியூப் என்று திரும்பிவிட்டது. அவர்கள் கேட்டது வயலட் மூடியாம். இதை எடுக்கிறவருக்கு யார் சொல்வது, நோயாளியா?

மூன்றாம் தரம் சரிவந்தது.

இடையில் டொக்டரிடம் கேட்டேன், மூட்டு வருத்தத்துக்கு ஏன் ஈரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று. துண்டின் பின்பக்கத்தில் வட்டம் கீறிக் காட்டினார். இந்த வைரஸ் பெரும்பாலும் தானாக ஈரல் கலத்தை அழிப்பதில்லையாம். தொற்றிய கலத்தை அடையாளம் காணும் டி கலங்கள் என்ற வெண்குழியங்கள்தான் அதைக் கொல்கின்றன, கூடவே இன்டர்ஃபெரோன் காமா, டிஎன்எஃப் ஆல்ஃபா என்று சைட்டோகைன்களை, அதாவது கலத்துக்குக் கலம் சேதி சொல்லும் மூலக்கூறுகளை, வெளியே விடுகின்றன. அந்தக் கூப்பாட்டுக்கு மற்ற வெண்குழியங்களும் வந்து குவிய, அடிபட்ட கலத்திலிருந்து ஏஎல்டி என்ற நொதியம் ரத்தத்தில் கசியும். ஆறு மாதத்துக்கு மேலும் வைரஸ் போகாவிட்டால் நாட்பட்டது என்கிறார்கள். அப்போது சண்டை முடிவதில்லை: ஐஎல்-10 என்ற இன்னொரு சைட்டோகைன் அதை அமத்தப் பார்க்கும், அந்தச் சாட்டில் வைரஸும் தங்கிவிடும். இன்னொரு பக்கம் டிஜிஎஃப் பீட்டா என்ற சைட்டோகைன் ஈரலின் நட்சத்திரக் கலங்களை உசுப்பிக் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைப் போடவைக்கும். அந்தத் தழும்பு வருடக்கணக்கில் முற்றினால் ஈரல் இறுகிப்போகும் சிரோசிஸ்.

அம்மாவின் விரலை வீங்கவைக்கும் அதே டிஎன்எஃப், ஈரலில் கலத்தைக் கொல்லாமலே வைரஸ் பெருகுவதை அடக்கவும் செய்கிறது. ஊசி போட்டு அதைக் கட்டிவைத்தால் மூட்டு ஆறும், ஆனால் வைரஸ் தலைதூக்கலாம். அந்த வட்டத்தைப் பார்த்த பிறகு டொக்டர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. கவுண்டர்மேல் உள்ளது போகவில்லை.

வைரஸ் அளவு ஒரு மில்லிலீட்டர் ரத்தத்தில் 3,400 சர்வதேச அலகு. முதலில் வைரஸை அடக்கும் என்டெகாவிர் மாத்திரை, பிறகு ஊசி என்று முடிவானது. மாத்திரையை வெறும் வயிற்றில் போடவேண்டும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணித்தியாலம் விட்டு. அம்மா ஏழு மணிக்கே புட்டை முடித்துவிட்டுப் படுக்கப்போகும்போது போடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா கீழ்க்காய்நெல்லி இடித்துக்கொண்டு வந்து, இதைக் குடித்தால் மாத்திரை தேவையில்லை என்றார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். கேளாமல் மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பி ஈரல் மோசமாக வீங்கக்கூடும்.

வீட்டில் ஒருவருக்கு இந்த வைரஸ் இருந்தால் எல்லாரும் பரிசோதித்துப் பாருங்கள். நாட்டில் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி தொடங்கியதே 2003இல்தான், எங்கள் வயதுக்காரருக்குப் போட்டிருக்க மாட்டார்கள். எனக்கும் தம்பிக்கும் நெகட்டிவ். முதல் தடுப்பூசி போட்டாயிற்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று.

அம்மாவின் அடுத்த டிஎன்ஏ பரிசோதனை ஐப்பசியில். துண்டை இப்போதே போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், "டிஎன்ஏ" என்ற இடத்தில் சிவப்புப் பேனையால் இரண்டு கோடும் போட்டு.