புவியீர்ப்பு வடியும் ஆய்வகம்

"திங்கட்கிழமை காலையில் தராசு 0.3 மில்லிகிராம் கூடுதலாகத்தான் காட்டும் தம்பி. இரண்டு நாள் அறை பூட்டிக் கிடந்ததில் புவியீர்ப்பு தேங்கிவிடும். கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வை, வடிந்துவிடும்."

எங்கள் ஆய்வகத்தின் மூத்தவர் இதைச் சொல்லிவிட்டுத் தராசின் கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுவார். சிரிப்பு, கண்சிமிட்டல் எதுவும் கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர் கதவைத் திறந்து வைப்பார்.

அந்தப் பொய்யின் உயிர் 0.3 என்ற எண்ணில் இருக்கிறது. 'கொஞ்சம் கூடும்' என்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அப்புறம் அந்தச் சலிப்பான குரல். பல வருடமாக இதோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன ஆள் போலப் பேசுவார். ஆர்வமாகச் சொல்கிறவன் மேல்தான் நமக்குச் சந்தேகம் வரும்.

வானியலாளர் பேட்ரிக் மூர் 1976 ஏப்ரல் 1 அன்று பிபிசி வானொலியில் செய்ததும் இதே வேலைதான். காலை 9.47க்கு வியாழனும் புளூட்டோவும் ஒரே நேர்கோட்டில் வருவதால் பூமியின் ஈர்ப்பு சற்றுக் குறையும், அந்த நேரத்தில் குதித்தால் மிதப்பது போலிருக்கும் என்றார். மிதந்தோம் என்றே பலர் தொலைபேசியில் சொன்னார்கள். ஒன்பதே முக்கால் என்று சொல்லியிருந்தால் இவ்வளவு பேர் குதித்திருப்பார்களா, தெரியவில்லை. அந்த இரண்டு நிமிடத்தில்தான் அறிவியல் வாசனை.

எங்கள் வேலையில் சிக்கல் வேறு மாதிரி. உண்மைகளும் மூத்தவருடைய பொய்களைப் போலவே இருக்கும். சூடான குடுவையை அப்படியே தராசில் வைத்தால் எடை குறைவாகக் காட்டும். அதைச் சுற்றியுள்ள காற்று சூடாகி மேலே எழும்பும்போது தட்டையும் லேசாகத் தூக்குவதுதான் காரணம். வெறும் கையால் தொட்டால் விரல்ரேகை எடையைக் கூட்டும். மின்னணுத் தராசை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் மறுபடி சரிபார்க்க வேண்டும். நிலநடுக்கோட்டை விடத் துருவத்தில் ஈர்ப்பு சுமார் 0.5 சதவீதம் அதிகம், இடத்துக்கு இடம் மாறும். இவை எல்லாமே பாடப்புத்தக உண்மைகள். திங்கட்கிழமைக் கதைக்குப் பக்கத்தில் இவற்றை வைத்துப் பாருங்கள், எது பொய் என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது.

விளைவு, இரண்டு மூன்று தடவை ஏமாந்த பயிற்சியாளர்கள் உண்மையையும் நம்ப மறுத்தார்கள். ஒருவர் அடுப்பிலிருந்து எடுத்த குடுவையை ஆற வைக்காமல் நேரே தராசில் வைத்தார். "சூடு எடையைக் குறைக்கும் என்றீர்களே சார், உங்கள் கதையெல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்று சிரிப்பு வேறு. அன்றைய அளவீடுகள் முழுவதும் வீண்.

அதற்காக மூத்தவர் நிறுத்திவிடவில்லை. எனக்கும் நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை. ஏமாந்தவர்கள்தான் பிறகு எதையும் "எப்படி அளந்தீர்கள்?" என்று கேட்டார்கள், மேலாளர் உட்பட எல்லோரிடமும். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை என்பது தனிக்கதை.

ஆனால் ஒரு எல்லை வைத்திருந்தார். அமிலம், எரிவாயு உருளை, மின்சாரம் இந்த மூன்றிலும் விளையாட்டே கிடையாது. அமிலத்தைத்தான் தண்ணீரில் மெதுவாக விட வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். இதை அதே முகத்தோடு வாயால் சொன்னால் எடுபடாது என்று அவருக்கே தெரியும். அதனால் தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். கையெழுத்து இருந்தால் உண்மை என்று அறையில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

ஒரு பயிற்சியாளர் விவரமானவர். துருவத்தில் ஈர்ப்பு அதிகம் என்று மூத்தவர் சொன்னதும் தாளை நீட்டி, "கையெழுத்துப் போடுங்க சார்" என்றார்.

மூத்தவர் தாளை வாங்கி முழுதாகப் படித்தார். "சரிதான். ஆனால் நான் அங்கே போய் அளந்து பார்த்ததில்லையே தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.