பரணிலிருந்து இறங்கிய வாக்மேன்: இதுவரை செய்தது

மாமாவின் பழைய கேசட் வாக்மேன் மறுபடி பாடுகிறது. இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. ஆனது வரை எழுதி வைக்கிறேன்.

முதலில் பேட்டரி அறை. பென்சில் செல் உள்ளேயே கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆல்கலைன் செல்லில் கசிவது காரம் என்பதால், பட்ஸில் வினிகர் தொட்டு வைத்தேன். லேசாக நுரைத்து இளகியது. ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டேன்.

பிளே அழுத்தினால் மோட்டார் சத்தம் மட்டும், டேப் நகரவில்லை. பின்மூடியைக் கழற்றினால் ரப்பர் பெல்ட் வெல்லப்பாகாக உருகி, புல்லியிலும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்திலும் அப்பிக் கிடந்தது. மொத்த வேலையில் பொறுமை கேட்பது இதுதான். கையில் பட்டால் சோப்புக்கும் போகாது, கையுறை கட்டாயம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்து, புல்லியின் காடியைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டினேன். துளி பிசின் மிச்சமிருந்தாலும் புது பெல்ட் அந்த இடத்தில் ஏறி இறங்கும்; இழுத்துப் பாடும் குரல் அலையும். பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிட ஐந்து சதவீதம் சிறியதாக சென்னை ரிச்சி தெருவில் வாங்கி மாட்டினேன்.

பாட்டு வந்தது, ஆனால் மங்கலாக. வயலின் கேட்கிறது, ஜால்ராவைக் காணோம். கேசட் பழசானதால் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கேசட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன், டேப்பைத் தொட்டுப் பாட்டைப் படிக்கும் ஹெட்டைப் பாருங்கள். டேப்பிலிருந்து உதிரும் இரும்பு ஆக்சைடு ஹெட்டின் மேல் படலமாகப் படிந்து டேப்பை ஒரு மயிரிழை விலக்கிவிடும். முதலில் அடிபடுவது உச்ச ஒலிகள்தான். ஹெட்டைத் துடைத்த பட்ஸ் காப்பிப்பொடி நிறத்தில் வந்தது. பட்ஸ் வெள்ளையாகவே திரும்பும்வரை துடைத்தேன். டேப்பை நகர்த்தும் கேப்ஸ்டன் தண்டையும் அப்படியே. டேப்பை அந்தத் தண்டின்மேல் அழுத்தும் பிஞ்ச் ரோலர் ரப்பர் என்பதால் ஆல்கஹாலைக் குறைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினேன். காந்தமேறிய ஸ்குரூ டிரைவர் ஹெட் பக்கமே போகக்கூடாது. அதே கேசட்டைப் போட்டேன். ஜால்ரா கணீரென்று கேட்டது!

வேகம் சற்று அதிகம். 3000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த டெஸ்ட் கேசட்டை ஓடவிட்டு, போன் செயலி காட்டும் ஹெர்ட்ஸ் அளவைப் பார்த்தபடி மோட்டாருக்குப் பின்னால் உள்ள துளையில் திருகைக் கடுகளவு திருப்பினேன். இப்போது சரியாக நிற்கிறது.

கேட்டு முடித்ததும் செல்லைக் கழற்றிவிடுகிறேன். பிளே அழுத்திய நிலையில் விடுவதில்லை. பிஞ்ச் ரோலரில் பள்ளம் விழும்.

வால்யூமைத் திருப்பினால் கரகரப்பு இருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் வாங்கியதும் அடுத்து அதுதான்.