மங்கிய பச்சைச் செல்கள்

"கேட்டை ஏன் இவ்வளவு மேலே போட்டிருக்கிறாய்?" என்றுதான் கேட்டேன். எங்கள் ஆய்வுக்கூடத்தின் வாராந்தரக் கூட்டத்தில் இது வழக்கமான கேள்வி; 'கேட்' என்பது எந்த ஒளி அளவுக்கு மேலுள்ள செல்களைக் கணக்கில் எடுப்பது என்று படத்தில் போடும் எல்லை. ஆனாலும் அது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

புரதங்களின் அளவைக் குறைக்கும் சிறு ஆர்.என்.ஏ.க்களில் ஒன்றான மைக்ரோஆர்.என்.ஏ-150-ஐ, மரபணுவைச் சுமந்து செல்லும் ரெட்ரோவைரஸ் வழியாக எலியின் எலும்பு மஜ்ஜை முன்னோடிச் செல்களுக்குள் செலுத்தியிருந்த மாணவர், செல்களின் ஒளிர்வை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி படத்தில் பச்சை ஒளி மிகுந்த செல்களை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தார். வைரஸ் நுழைந்ததற்கு அடையாளம் அந்தப் பச்சை; அது கூடினால் உள்ளே போன ஆர்.என்.ஏ.வும் கூடுதல் என்று கொள்வோம். அவற்றில் எதிர்ப்பொருள் உருவாக்கும் வெள்ளணுக்களான பி செல்களின் வளர்ச்சி, புரோ-பி என்ற தொடக்க நிலையைத் தாண்டாமல் தேங்கி நின்றது. கேட்டுக்குக் கீழே விடுபட்ட மங்கிய பச்சைச் செல்களோ கன்ட்ரோலை, அதாவது இந்த ஆர்.என்.ஏ. செலுத்தாத ஒப்பீட்டுச் செல்களை, விட்டு அதிகம் விலகவில்லை.

"2007-இல் வந்த கட்டுரையிலும் அளவைக் கூட்டித்தானே இந்தத் தடையைக் காட்டினார்கள், மேடம்?" என்றார். அதே கட்டுரையில் இந்த ஆர்.என்.ஏ. அறவே இல்லாத எலிகளும் இருந்தன, அவற்றில் பி செல்களில் ஒரு வகையான பி-1 செல்கள் பெருகியிருந்தன என்றேன். "அந்த எலிகள் நம்மிடம் இல்லையே, மேடம்" என்று மட்டும் சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

நான் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்த ஆர்.என்.ஏ. பி செல்கள் அடங்கிய வெள்ளணு வகையான லிம்ஃபோசைட்டுகளில், முதிர்ந்தவற்றில் மிகுந்தும் முன்னோடிகளில் குறைந்தும் இருப்பது. அதைக் காலத்துக்கு முன்பே திணித்தால் இந்த வளர்ச்சிக்குத் தேவையான சி-மிப் புரதம் குறைந்து வளர்ச்சி தடைபடுகிறது என்பது, அது அங்கே ஏன் இருக்கக்கூடாது என்பதைச் சொல்லுமே தவிர, இருக்கவேண்டிய இடத்தில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லாது. மைக்ரோஆர்.என்.ஏ-223 கதையும் நினைவில் இருந்தது: 2005-இல் லுகேமியா (இரத்தப் புற்றுநோய்) செல்களில் அதைக் கூட்டியபோது கிரானுலோசைட் என்னும் வெள்ளணுக்களாக முதிர்வது கூடியது, 2008-இல் அது நீக்கப்பட்ட எலிகளிலோ கிரானுலோசைட்டுகளில் ஒரு வகையான நியூட்ரோஃபில்கள் குறைவதற்குப் பதிலாகக் கூடின.

ஆனால் இந்தச் சிறு ஆர்.என்.ஏ.க்கள் பெரும்பாலான புரதங்களின் அளவைச் சிறிதளவே குறைக்கின்றன. அப்படியிருக்க, விளைவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒருவர் போயாக வேண்டும் என்பதும் நியாயம்தானே? எலி வாங்கப் பணமில்லாத கூடத்தில் எலியைக் காட்டிக் கேள்வி கேட்பது அறிவியலா, அதிகாரமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் பிரகாசமானவை, மங்கியவை இரண்டையும் பக்கம்பக்கமாக வைத்தே அவருடைய ஆய்வேட்டின் அந்த அத்தியாயம் போனது. அது சரியான முடிவு என்றே இப்போதும் சொல்வேன். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கேட்டைச் சற்று மேலேயே போடச் சொல்லித் தருகிறேன். கீழே இறக்கினால் செல்களின் சொந்த ஒளிர்வு பச்சையோடு கலந்து, வைரஸ் நுழையாதவையும் கணக்கில் சேர்ந்துவிடும்.